கடன் வாங்கிய மௌனம்

'தன் குரலைக் கண்டடைந்துவிட்டார்' என்று பின்னட்டையில் அச்சிட்ட புத்தகங்களை இனி வாங்குவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். கோபத்தில் செய்த முடிவுதான். ஆனால் காரணமில்லாத கோபம் இல்லை. அந்தக் காரணத்தில் எனக்கும் பங்கு உண்டு என்பதால் எழுதவேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் வழக்கம்போல் இரண்டு நண்பர்களிடம் சொல்லிவிட்டு மறந்திருப்பேன்.

சென்ற ஆண்டு ஒரு சிறுகதைத் தேர்வுக்காக 40 கதைகளைப் படிக்க நேர்ந்தது. 'சொந்தக் குரல் கொண்ட கதைகளுக்கு முன்னுரிமை தரவும்' என்று கூடவே ஒரு குறிப்பு வைத்திருந்தார்கள். ஏறக்குறையப் பாதிக் கதைகளில் ஒருவன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறான். வெளியே ஏதோ ஒன்று எதற்காகவோ நிகழ்ந்துகொண்டிருக்கிறது, அவனுக்குள்ளும் அப்படியே. மீதியில் பெரும்பாலானவற்றில் பக்கத்துக்குப் பத்து வட்டார வார்த்தைகள், சமையலில் கறிவேப்பிலை போல், கடைசியில் கிள்ளிப் போட்டவை. பாக்கிப் பேர் 'நான்', 'என்', 'எனக்கு' என்று தங்களைப் பற்றியே பேசி முடித்திருந்தார்கள். 40 பேருமே சொந்தக் குரலில்தான் எழுதியதாக நினைத்திருக்கவேண்டும். 40 பேருக்கும் சேர்த்து மூன்று குரல்கள். கட்டைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

அவர்களைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. 'உன் குரலைத் தேடு' என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நாம்தான். மேடையில் சொன்னோம், முன்னுரையில் சொன்னோம், இப்போது கட்டணம் வாங்கிக்கொண்டு பட்டறைகளிலும் சொல்லப்படுகிறது. குரல் என்னவோ எங்கோ ஒளித்துவைக்கப்பட்டிருக்கிற சாமான் போலவும், தோண்டி எடுத்துவிட்டால் ஆயுசுக்கும் வைத்துப் பிழைக்கலாம் என்பது போலவும். எங்கள் காலத்தில் 'தனித்வம்' என்றோம். வார்த்தை மாறியிருக்கிறது, வியாபாரம் மாறவில்லை.

என் கதையைச் சொல்கிறேன்.

1975ஐ ஒட்டிய வருஷங்களில் எனக்கு 22, 23 வயது. மௌனியைப் படித்திருந்தேன். படித்திருந்தேன் என்பது போதாது, பீடிக்கப்பட்டிருந்தேன். நான் மட்டும் இல்லை. சிறு பத்திரிகைகளைக் கையில் தூக்கிக்கொண்டு திரிந்த எங்களில் பலருக்கும் அந்த ஜுரம் கண்டிருந்தது. மௌனி 1936ல் மணிக்கொடியில் எழுத ஆரம்பித்தார். 1985ல் இறந்தார். இவ்வளவு நீண்ட காலத்தில் அவர் எழுதிய கதைகள் 24. நாங்கள் அந்த எண்ணிக்கையை இரண்டு வருஷத்தில் தாண்டினோம். அவருடைய வாக்கியம் ஓரிடத்தில் மங்குகிறதென்றால், அதற்குமேல் தெளிவாகச் சொல்ல வழியில்லாத ஓர் எல்லைக்கு வந்து அவர் முட்டிக்கொண்டு நிற்கிறார் என்று அர்த்தம். அந்த இடத்துக்கு அவர் நடந்து வந்த தடம் கதையில் தெரியும். எங்களுக்கு மங்கல் முதல் வரியிலேயே கிடைத்துவிட்டது. 'ஏதோ', 'எங்கோ', 'எதற்காகவோ' என்று மூன்று ஓகாரங்களை வைத்துக்கொண்டு ஒரு தலைமுறையே கொஞ்ச காலம் ஆழமாக இருந்தது.

1979 ஐப்பசியில் என் அப்பா இறந்தார். திருநெல்வேலி டவுனில் ஒரு நெல் மண்டியில் முப்பது வருஷத்துக்குமேல் கணக்கு எழுதினவர். அதிகம் பேசமாட்டார் என்று சொன்னால் பொய். நிறையப் பேசுவார். காசைப் பற்றி, பருப்பு விலையைப் பற்றி, மண்டிக்கு வந்த மூட்டையில் எடை குறைந்ததைப் பற்றி. ஐந்து நாள் காய்ச்சல். கடைசி நாள் சாயங்காலம் நல்ல மழை. கண்ணைத் திறந்தார். நானும் அக்காவும் பக்கத்தில் இருந்தோம். வாகையடி முக்கில் குடை ரிப்பேர் செய்கிறவரிடம் கம்பி மாற்றக் குடுத்திருந்த குடையைப் பற்றிக் கேட்டார். வாங்கியாயிற்றா என்று கேட்டார். எட்டணா முன்னால் கொடுத்தாயிற்று, மிச்சம் எட்டணாதான் பாக்கி, கூடக் கொடுத்துவிடாதே என்றார். அப்புறம் ஒன்றும் பேசவில்லை. விடிவதற்குமுன் போய்விட்டார்.

1981ல் அதைக் கதையாக எழுதினேன். அந்தக் கதையில் அப்பா கண்ணைத் திறக்கிறார். ஜன்னலைப் பார்க்கிறார். வெளியே மழை பெய்துகொண்டிருக்கிறது, எதற்காகவோ. அவர் எதையோ சொல்ல வாயெடுத்துச் சொல்லாமலே நிறுத்திவிடுகிறார். சொல்லப்படாத அந்த வார்த்தை அறையில் நிற்கிறது. (இந்த வரிக்காகவே ஒரு நண்பர் எனக்கு நாலு பக்கம் கடிதம் எழுதினார்.) ஒரு சிறு பத்திரிகையில் வந்தது. அடுத்த இதழில் ஒரு விமர்சகர் என் குரல் தனித்துக் கேட்க ஆரம்பித்திருப்பதாகக் குறிப்பிட்டிருந்தார். அந்த இதழை இன்னும் வைத்திருக்கிறேன்.

குடையை ஏன் எடுத்தேன்? மறந்து விட்டுப்போகவில்லை, எழுதும்போது கையில்தான் இருந்தது. ஒரு வரி எழுதியும் பார்த்தேன். எட்டணாவும் குடைக்கம்பியும் அந்த வாக்கியங்களுக்கு நடுவில் நிற்கமாட்டேன் என்றன. கல்யாணவீட்டுப் பந்தியில் வேலையாள் வந்து உட்கார்ந்துவிட்டதுபோல் எனக்குக் கூச்சமாக இருந்தது. எழுப்பி அனுப்பிவிட்டேன். அன்றைக்கு அதைக் கலைத்தேர்வு என்று நினைத்தேன். நடை கேட்டது, கொடுத்தேன். அந்த நடை என்னுடையதுகூட இல்லை என்பதுதான் வேடிக்கை. ஒரு பெரிய கலைஞன் தன் தவிப்பால் அடைந்த மௌனத்தைக் கடன் வாங்கி, அதைக்கொண்டு என் சொந்த அப்பாவின் வாயை அடைத்தேன்.

1993ல் கதை தொகுப்பில் வந்தபிறகு அக்கா படித்தாள். அவள் இலக்கியம் படிக்கிறவள் இல்லை. தம்பி எழுதியது என்பதற்காகப் படித்தாள். 'நல்லாத்தான் எழுதிருக்கே' என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, 'ஆனா இது யாரு? அப்பா இப்படியா இருந்தாங்க? குடையைக் கேட்டாங்கள்லா' என்றாள்.

நான் சமாதானம் சொன்னேன். கதை என்பது நடந்ததை அப்படியே எழுதுவது இல்லை, அநுபவத்தின் சாரம், இத்யாதி. அவளும் தலையாட்டினாள். அன்றிரவு படுத்துக்கொண்டு அப்பா குடையைக் கேட்ட குரலை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். வரவில்லை. 'வாங்கிட்டியாய்யா' என்றாரா, 'வாங்கியாந்தாச்சா' என்றாரா? எட்டணாவை முதலில் சொன்னாரா, குடையை முதலில் சொன்னாரா? காதில் கேட்டது மழைதான், என் கதையில் பெய்த மழை. ஜன்னலைப் பார்க்காத மனிதர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். 12 வருஷமாகப் பலபேர் புகழ்ந்து, நானும் இரண்டு கூட்டங்களில் வாசித்து, பொய்யான அந்த மௌனம் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு அவருடைய குரலை வெளியே தள்ளிவிட்டிருந்தது. போலி எழுத்தால் வாசகன் ஏமாறுகிறான் என்று கட்டுரை கட்டுரையாக எழுதியிருக்கிறோம். வாசகன் அடுத்த கதைக்குப் போய்விடுவான். எழுதினவன் கதி என்ன என்று நாங்கள் எழுதியதாக நினைவில்லை.

இந்த இடத்தில் ஒரு கட்சி எழுந்து நிற்கும். சொந்தக் குரல் என்பதே ஒரு மாயை, எல்லா மொழியும் கடன்தான், எழுதுவது மொழியே தவிர நீயல்ல என்பார்கள். 1982ல் தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' வந்ததிலிருந்து இந்தப் பேச்சு நமக்குப் பழக்கம். அந்தப் புத்தகத்தை நான் கஷ்டப்பட்டுப் படித்தேன், பிரயோஜனமாகவும் இருந்தது. அதைப் பேசிய எல்லோரும் படித்தார்களா என்று தெரியாது. ஆசிரியன் இறந்துவிட்டான் என்று ரோலன் பார்த் சொன்னதை மேற்கோள் காட்டாமல் பத்து வருஷம் இங்கே ஒரு கூட்டமும் நடக்கவில்லை. இருக்கட்டும். ஆசிரியன் இறந்தானோ இல்லையோ, என் அப்பா இறந்தார். குடையைக் கேட்டார். எல்லாக் குரலும் கடன் என்றே வைத்துக்கொண்டாலும், யாரிடம் எதற்காக வாங்கினோம், வாங்கியதைக்கொண்டு யார் பேச்சை அழித்தோம் என்று ஒரு கணக்கு உண்டு. எல்லாமே கடன் என்று சொல்வது அந்தக் கணக்கிலிருந்து தப்பிக்கச் சௌகரியமான வழி. நெல் மண்டிக் கணக்குப்பிள்ளையின் மகனுக்கு அந்தச் சௌகரியம் ஒத்துவரவில்லை.

எதிர்க்கட்சி இதைவிட எளிமையானது. அப்பாவின் வட்டாரப் பேச்சை எழுதியிருந்தால் சரியாகப் போயிருக்கும் என்பது. அதையும் செய்தேன், கேளுங்கள். 1982ல் கி. ராஜநாராயணனின் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி வந்தது. 'கோபல்ல கிராமம்' 1976லேயே வந்திருந்தது. திடீரென்று தமிழ்நாட்டில் மாவட்டத்துக்கு ஒரு மொழி தேவைப்பட்டது. நானும் 1986ல் நெல்லைத் தமிழில் ஒரு கதை எழுதினேன், அப்பாவை வைத்தே. பக்கத்துக்கு மூன்று 'லே' போட்டேன். அப்பா எங்களை ஒருநாளும் 'லே' போட்டுக் கூப்பிட்டதில்லை. என்னை 'ஐயா' என்பார், அக்காவை 'அம்மா' என்பார். திருநெல்வேலிக்காரர் என்றால் 'லே' சொல்லவேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவை சினிமாவும் மற்றவர்களுடைய கதைகளும். முதல் கதையில் அவருக்கு ஒரு மௌனத்தை மாட்டிவிட்டேன். இரண்டாவதில் ஒரு கொச்சையை மாட்டிவிட்டேன். இரண்டு தடவையும் அவர் குரல் இல்லை.

கி.ரா.வின் குரல் அந்த வார்த்தைகளில் இருப்பதாக நினைத்ததுதான் நாங்கள் செய்த தப்பு. அவர் ஒரு வட்டார வார்த்தைகூட இல்லாமல் எழுதிய பத்தியைப் படித்தாலும் திண்ணையில் உட்கார்ந்து ஒருத்தர் சொல்வது கேட்கும்; எங்கே நிறுத்துவார், எங்கே விஷயத்தை விட்டுவிட்டு வேறெதற்கோ போவார், எப்போது திரும்பி வருவார் என்பதில் அது இருக்கிறது. எங்களுடைய கதைகளில் பாத்திரங்கள் பேச்சுமொழியில் பேசுவார்கள், கதைசொல்லி மட்டும் சலவை செய்த தமிழில் விவரிப்பான். கீழே அவர்கள், மேலே இவன். இந்த ஏற்பாட்டின் அசிங்கம் 1992ல் பாமாவின் 'கருக்கு' வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அதில் உரையாடல் மட்டுமல்ல, சொல்லிச்செல்வதே பேச்சில் இருந்தது. மேலே உட்கார ஆள் இல்லை. 'இது இலக்கிய நடையா' என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. கேட்டவர்களில் நெல்லைக் கதை எழுதி 'லே' போட்டவர்களும் இருந்தார்கள். நான் கேட்கவில்லை, ஆனால் கேட்டபோது பதில் சொல்லாமல் இருந்தேன். அதற்கு இதைவிட நல்ல பெயர் ஒன்றும் கிடையாது. அப்புறம் அந்தப் புத்தகத்தையும் பார்த்து எழுத ஆட்கள் வந்தார்கள். வருவார்கள்.

குரல் என்பது ஒரு நடை, அதைக் கண்டுபிடித்துக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளவேண்டும் என்கிறவர்கள் புதுமைப்பித்தனை என்ன செய்வார்கள்? 'பொன்னகரம்' எழுதின கைதான் 'கபாடபுரம்' எழுதியது. 'சாபவிமோசனம்' ஒரு தமிழ், 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' வேறொரு தமிழ். இன்றைக்கு ஒரு பட்டறையில் இந்த நாலு கதைகளையும் பெயர் போடாமல் கொடுத்தால், 'இன்னும் உங்கள் குரல் நிலைப்படவில்லை' என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். 1948ல் 42 வயதில் இறந்துபோன அவருக்கு நிலைப்படுத்திக்கொள்ள நேரமும் இல்லை, அந்தக் கவலையும் இல்லை. கதை எதைக் கேட்டதோ அதற்குக் காதைக் கொடுத்தார். 'செல்லம்மா'ளை எடுத்துக்கொள்ளுங்கள். ஜவுளிக்கடைக் குமாஸ்தாவின் மனைவி சென்னையில் நோயில் கிடந்து சாகிறாள். என் கதை மாதிரியே சாவுக்கதை. அதில் மருந்தும் சமையலும் புடவையும் சம்பளமும் சாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கின்றன. யாரையும் அவர் பந்தியிலிருந்து எழுப்பவில்லை. அந்தக் கதையை நான் 1981க்கு முன்பே மூன்று தடவையாவது படித்திருந்தேன். படித்திருந்தும் அப்படித்தான் எழுதினேன் என்பதை எங்கே போய்ச் சொல்வது.

அசோகமித்திரனை நாங்கள் அந்த நாளில் சரியாகவே படிக்கவில்லை. தட்டையாக எழுதுகிறார், குரலே இல்லை என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். அச்சில் சொல்லவில்லை, பேச்சில். 'புலிக்கலைஞன்' கதையில் சினிமாக் கம்பெனிக்கு வேலை கேட்டு ஒருவன் வருகிறான். புலிவேஷம் போடுகிறவன். போட்டுக் காட்டுகிறான்; அந்த அறையில் ஒரு புலி வந்துவிடுகிறது. வேஷத்தைக் கழற்றியதும் மறுபடியும் கெஞ்சுகிற மனிதன். கதைசொல்லி எதற்கும் வியாக்கியானம் சொல்வதில்லை. இந்த இடத்தில் நாங்களாக இருந்தால் கலையைப் பற்றியும் பசியைப் பற்றியும் இரண்டு பக்கம் எழுதிப் புலியை விரட்டியிருப்போம். அசோகமித்திரனுக்கு ஜெமினி ஸ்டுடியோ பல வருஷ அநுபவம்; வேலை கேட்டு வருகிறவன் எப்படி நிற்பான், என்ன சொல்லித் தொடங்குவான் என்று அவருக்குத் தெரியும். அதற்கு இடம் விட்டு அவர் தள்ளி நிற்கிறார். அப்படித் தள்ளி நிற்கிற தூரத்தை வைத்தே, பெயர் போடாவிட்டாலும், இது அசோகமித்திரன் என்று நம்மால் சொல்லமுடிகிறது. அவரைக் காப்பியடிக்க ஏன் ஆட்கள் கிடைக்கவில்லை என்று கேட்டால், கிடைத்தார்கள்; ஆனால் தூரத்தை விட்டுவிட்டுத் தட்டையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

சமீபத்தில் ஒரு நண்பர் மகன் கம்ப்யூட்டரில் ஒரு வரி தட்டி, மௌனியின் பாணியில் ஒரு பத்தி வரவழைத்துக் காட்டினான். வந்தது. ஏதோ, எங்கோ, எதற்காகவோ. இலக்கியம் செத்தது என்று அவன் அப்பாவுக்கு முகம் வெளிறிப்போயிற்று. எனக்குப் பெரிய அதிர்ச்சி ஒன்றும் இல்லை. இதைத்தான் நாங்கள் 1975ல் கையால் செய்துகொண்டிருந்தோம், தபால் செலவும் எங்களுடையது. பாணிதான் குரல் என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள் வேண்டுமானால் கவலைப்படட்டும்.

கவிதைக்காரர்களையும் விமர்சகர்களையும் விட்டுவிட்டேன் என்று யாரும் சந்தோஷப்படவேண்டாம். விமர்சனத்தில் நாங்கள் எல்லோரும் ஒரே ஆளாகத்தான் எழுதினோம்: பிரக்ஞை, தளம், பரிமாணம், ஆளுமை, வீச்சு. எழுதினவர் பெயரை மாற்றிப் போட்டிருந்தால் எழுதினவருக்கே தெரிந்திருக்காது. இந்தக் கட்டுரையிலும் இரண்டு இடத்தில் 'தளம்' என்று எழுதிவிட்டு அடித்தேன். அடிக்காமல் விட்ட வேறு வார்த்தைகள் இருக்கும்.

சொந்தக் குரலைத் தேடு என்கிற உபதேசத்தில் எனக்குள்ள சண்டை இதுதான். அது எழுதுகிறவனின் காதை அவன் பக்கமே திருப்பிவைக்கிறது. நான் எப்படித் தொனிக்கிறேன் என்று கேட்டுக்கொண்டு இருப்பவனுக்குப் பக்கத்தில் படுத்திருப்பவர் குடையைக் கேட்பது காதில் விழுந்தாலும் தங்காது. 1981ல் என்னிடம் யாராவது 'உன் குரல் கிடக்கட்டும், உன் அப்பா என்ன சொன்னார்?' என்று கேட்டிருந்தால் அந்தக் கதையை அப்படி எழுதியிருக்கமாட்டேன். ஒருவேளை எழுதியே இருக்கமாட்டேன். அதனாலும் நஷ்டம் இல்லை. விமர்சகர்கள் அதைக் கேட்கவில்லை. என் குரல் தனித்துக் கேட்பதாகச் சொன்னார்கள்.

அந்தக் கதையைத் திருத்தி எழுதலாமென்று இந்த வருஷம் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் எழுதினேன். ஜன்னல் போய்விட்டது, மழை இருக்கிறது, ஐப்பசி என்பதால். அப்பா கண்ணைத் திறந்த இடத்தில் நின்றுவிட்டது. என்ன வார்த்தையில் கேட்டார் என்று தெரியாமல் நானாக ஒன்று போட்டால் மூன்றாம் தடவையும் அதே காரியம்தான். அக்காவுக்குப் போன் செய்தேன். அவளுக்கு 76 வயது. 'வாங்கிட்டியாய்யான்னுதான் கேட்டாங்க' என்றாள், சந்தேகமே இல்லாமல். 'நீ ஆமான்னு தலையாட்டினே. ஆனா வாங்கலை. காரியம் எல்லாம் முடிஞ்ச பெறவு நாந்தான் போயி வாங்கிட்டு வந்தேன். அந்த ஆளு மிச்சக் காசு வேண்டாம்னுட்டாரு.'

நான் வாங்கி வந்ததாகத்தான் இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எட்டணாவை எண்ணிக் கொடுத்ததுகூட ஞாபகம் இருக்கிறது.